விஷுவல் நாவலில் இரண்டு பெண்களுக்கு நடுவே இருப்பது காதலா? பார்த்துச் சொல்ல ஒரு முழு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், போகவந்தலாவையில் இருக்கும் சித்தி மகளும் தலவாக்கலையில் இருக்கும் நானும் ஒரே விஷுவல் நாவலை ஒரே மாதத்தில் முடித்தோம். விஷுவல் நாவல் என்றால் படம், குரல், இசையோடு திரையில் வாசித்துக்கொண்டே போகும் கதை ஆட்டம். நடுநடுவே நாம் செய்யும் தேர்வைப் பொறுத்துக் கதை பல பாதையாகப் பிரியும், அந்தப் பாதைக்கு ரூட் என்று பெயர். கதையில் இரண்டு பெண்கள். ஒரே விடுதி அறை, ஒரே குடை, சாப்பாட்டுக்கு ஒரே தட்டு. நான் "காதல்தான்" என்றேன். அவள் போனிலேயே சிரித்துவிட்டாள். "ஏன்க்கா, நம்ம லயத்துல முக்காவாசிப் புள்ளைங்க அப்படித்தானே இருக்குதுங்க? எல்லாம் காதலா?" லயம் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்.

எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. 2 வாரம் கழித்து, நான் பெரிய சாட்சியாகப் பிடித்துக்கொண்டிருந்த வசனம் ஜப்பானிய மூலத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் இருந்த அழுத்தம் மொழிபெயர்ப்பாளர் போட்டது. சரி, அவள் ஜெயித்தாள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அவள் திறக்காமலே விட்ட ஒரு ரூட்டில் அந்த இருவருக்கும் நடுவே நான் பார்த்ததைவிடப் பெரிய காட்சி ஒன்று இருந்தது. அவளும் தவறு, நானும் தவறு. அதுவும் இரண்டு பேரும் வேறு வேறு காரணத்தால் தவறு.

அன்றைக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். இந்த வழிகாட்டி அந்தக் கொப்பியில் இருந்து வந்தது.

தொடங்கும் முன்: உள்ளுறை என்ற சொல்

வெளியே சொல்லாமல் கதைக்குள் மறைத்து வைத்த பொருளுக்கு ஆங்கிலத்தில் 'சப்டெக்ஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அதைவிடப் பழைய சொல் இருக்கிறது: உள்ளுறை. தொல்காப்பியம் பொருளதிகாரம் உள்ளுறை உவமத்துக்கு ஒரு நிபந்தனை சொல்கிறது. மறைந்த பொருள், தெய்வம் ஒழிந்த மற்றக் கருப்பொருளை நிலமாகக் கொண்டு வரவேண்டும். குறிஞ்சிப் பாட்டென்றால் அந்த மலையின் மரம், விலங்கு, பறவை, தொழில் இவற்றுக்குள்தான் அது ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது.

விஷுவல் நாவலுக்கும் நான் கடைப்பிடிப்பது இந்த நிபந்தனையைத்தான். அந்த ஆட்டத்தின் சொந்த நிலம் எது, அதில் எது வழக்கம், எது வழக்கத்தை மீறுகிறது? கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியின் கிளைகள்.

1. என்ன சரக்கு என்று முதலில் பாருங்கள்

இது சீக்கிரம் முடிகிற வேலை. பெண்-பெண் காதல் கதை என்று சொல்லியே வெளியிட்டிருந்தால் உள்ளுறை தேட வேண்டியதில்லை. லையர்-சாஃப்ட் 2012இல் வெளியிட்ட 'கின்ட்ரட் ஸ்பிரிட்ஸ் ஆன் த ரூஃப்' அப்படிப்பட்டது. இன்னசென்ட் கிரே 2014 முதல் 2017 வரை 4 பாகமாக வெளியிட்ட 'ஃபிளவர்ஸ்' வரிசையும், 2017இல் வந்த 'பட்டர்ஃபிளை சூப்'பும் அதே இனம். பின்னதில் தியா, அகர்ஷா என்று தெற்காசியப் பெண்பிள்ளைகள் கலிபோர்னியாவில் பேஸ்பால் ஆடுவார்கள். நம் வீட்டுச் சாயல் உள்ள முகத்தை இந்த வகை ஆட்டத்தில் பார்ப்பதே அபூர்வம் என்பதால் சொல்லி வைக்கிறேன். இவற்றில் 'காதலா இல்லையா' என்று யாரும் மண்டையை உடைக்க வேண்டாம். 'யாருக்கு, எப்போது' என்பதுதான் கேள்வி.

நமக்குச் சிக்கல் மற்ற வகையில். கதாநாயகன் ஓர் ஆண், அவனைச் சுற்றி 4, 5 பெண்கள், அதில் இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஏதோ மாதிரி இருக்கிறார்கள். இல்லாவிட்டால் கொலை மர்மக் கதை, காதலுக்கு இடமே இல்லை, ஆனாலும் ஒருத்தி இன்னொருத்திக்காக உயிரையே கொடுக்கிறாள். இந்த வழிகாட்டி இந்த இரண்டு வகைக்கும்.

பெண்-பெண் காதல் கதைகளுக்கு வழங்கும் 'யூரி' என்ற பெயரின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானியத்தில் அது லில்லிப் பூவின் பெயர். ஆண்விரும்பி ஆண்களுக்காக நடந்த 'பாராசொகு' இதழின் ஆசிரியர் இட்டோ புங்காகு 1976இல் பெண் வாசகர் கடிதங்களுக்கு ஒரு பகுதி திறந்து, அவர்களை 'லில்லிக் குலம்' என்று அழைத்தார். பெயர் அங்கிருந்து பரவியது.

அதற்கும் முன்னால் ஒரு மரபு உண்டு. யோஷியா நொபுகோ என்ற எழுத்தாளர் 1916 முதல் 1924 வரை எழுதிய மலர்க் கதைகளில் பெண்கள் பாடசாலையின் நெருக்கமான சோடிகள் வருவார்கள். மூத்தவள், இளையவள், கடிதம், தோட்டம், கண்ணீர். இதை 'எஸ்' உறவு என்றார்கள். எஸ் என்றால் சகோதரி. படிப்பு முடிந்தால் கல்யாணம், அத்தோடு அது கலைந்துவிடும் என்பது ஊரார் கணக்கு. யோஷியாவின் சொந்த வாழ்க்கை அந்தக் கணக்கில் அடங்கவில்லை. மொன்மா சியோ என்ற பெண்ணோடு கடைசி வரை வாழ்ந்தார். இருவரும் மணக்க வழியில்லாததால் 1957இல் சட்டப்படி அவரைத் தத்தெடுத்துக்கொண்டார்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், பெண்கள் பாடசாலை, பூந்தோட்டம், 'ஒனேசாமா' என்று மூத்தவளை அழைப்பது, இதெல்லாம் ஒரு ஜப்பானிய வாசகருக்கு அந்த மரபை உடனே ஞாபகப்படுத்தும். ஆட்டம் அந்த மரபின் நிலத்தில் நிற்கிறது என்பதுவரைதான் அது சொல்லும். அந்தச் சோடி காதலர் என்று அது இன்னும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் நான் முதலில் தேடுவது பட்டமளிப்புக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை. பின்னுரைக் காட்சியில் இருவரும் ஒரே ஊரில், ஒரே வீட்டில் இருந்தால் அது 100 அணைப்புக்குச் சமம்.

2. வழக்கத்தை அளந்துவிட்டு விலகலைத் தேடுங்கள்

சித்தி மகளின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது.

10க்கு 12 அடி லய அறையில் வளர்ந்தவர்களுக்கு ஒரே பாயில் இரண்டு மூன்று பெண்கள் படுப்பது செய்தியே இல்லை. கைகோத்து நடப்பார்கள், ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னி விடுவாள், பதுளை ரயிலில் நானுஓயா தாண்டும் முன்பே ஒருத்தி மடியில் ஒருத்தி தூங்கிவிடுவாள். நம் கண்ணுக்குத் தொடுதல் ஒரு சாட்சியே அல்ல. தொட்டுப் பழகாத ஊரில் வளர்ந்தவருக்கோ கையைப் பிடித்தாலே பெரிய விஷயம். இரண்டு பேரும் தங்கள் ஊர் அளவுகோலைக் கொண்டுபோய் ஜப்பானியப் பாடசாலை ஒன்றை அளக்கிறார்கள். அளவு எப்படிச் சரியாக வரும்?

அதனால் ஊரை விடுங்கள். அந்தப் பெண்ணையே அளவுகோலாக்குங்கள். செய்முறை இது:

சோடியில் ஒருத்தியை எடுங்கள். அவள் மற்றவளோடு இருக்கும் காட்சிகளை ஒதுக்கிவிட்டு, வேறு தோழிகளோடு இருக்கும் 3 காட்சியைப் பாருங்கள். யாரைத் தொடுகிறாள், எப்படிக் கூப்பிடுகிறாள், எதைப் பார்த்துச் சிரிக்கிறாள், எந்தப் பேச்சை மாற்றுகிறாள் என்று கொப்பியில் இடது பக்கம் எழுதுங்கள். இனி சோடிக் காட்சிகளுக்கு வாருங்கள். இடது பக்கம் இல்லாதது மட்டும் வலது பக்கம் போகலாம்.

இதைச் செய்தால் பாதிச் 'சாட்சி' உதிர்ந்துவிடும். எல்லோரையும் கட்டிப்பிடிக்கிறவள் இவளையும் கட்டிப்பிடித்தால் அது வலது பக்கத்துக்கு வராது. ஆனால் எல்லோரையும் கட்டிப்பிடிக்கிறவள் இவள் ஒருத்தியைத் தொடாமல் ஒதுங்கினால்? அதைச் சிவப்பு மையால் எழுதுங்கள். நெருக்கத்தை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். என் கொப்பியில் மிகக் கனமான குறிப்பு ஒன்று இப்படி இருக்கிறது: "எல்லாருக்கும் பட்டப்பெயர் வைக்கிறாள். இவளுக்கு மட்டும் வைக்கவில்லை."

3. யார் கண்ணால் பார்க்கிறோம்

விஷுவல் நாவலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கதாநாயகன் அல்லது கதாநாயகியின் கண் வழியே. அந்தக் கண்ணுக்கும் ஆசை உண்டு. ஆண் கதாநாயகன், "அக்கா தங்கச்சி மாதிரி எவ்வளவு பாசம்!" என்று மனசுக்குள் சொல்லும்போது அது அவன் அபிப்பிராயம். எழுத்தாளர் அவனை வேண்டுமென்றே மந்தமானவனாக வைத்திருக்கலாம். மறுபக்கம், அவனுக்கு எல்லாமே கிளுகிளுப்பாகத் தெரிந்தால், அதுவும் அவன் கண்ணின் கோளாறாக இருக்கலாம்.

அவன் இல்லாத காட்சிகளைத் தேடுங்கள். சில ஆட்டங்களில் பார்வை சட்டென்று வேறு பாத்திரத்துக்கு மாறும். கதாநாயகன் கதவை மூடிப் போன பிறகு அந்த இருவரும் தனியாக 10 வரி பேசினால், அந்த 10 வரி அவன் முன்னால் பேசிய 200 வரியைவிடப் பெறுமதி.

4. மொழி: இங்கேதான் நான் விழுந்தேன்

உங்களுக்கு ஜப்பானியம் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, காதால் பொறுக்கிய நாலைந்து சொல்தான். அந்த நாலைந்தே நிறைய உதவும்.

'சுகி' என்ற சொல்லை எடுங்கள். கேக்குக்கும் சுகி, நாய்க்குட்டிக்கும் சுகி, தோழிக்கும் சுகி, காதலனுக்கும் சுகி. நம் 'பிடிக்கும்' அளவுக்கு அகலமானது. 'டைசுகி' என்றால் ரொம்பப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதைக் காதல் சொல்லாகவும் மாற்றலாம், வெறும் விருப்பமாகவும் மாற்றலாம். மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்ந்தாரோ அதைத்தான் நாம் வாசிக்கிறோம். நான் விழுந்தது இந்தக் குழியில்.

ஆகவே சுகி வந்தால் சொல்லை விட்டுவிட்டு அடுத்த வரியைப் பாருங்கள். கேட்டவள் எப்படி எடுத்துக்கொள்கிறாள்? "நானும்தான்!" என்று சிரித்துவிட்டுப் போனால் கேக் கணக்கில் சேருங்கள். பேச்சு நின்றால், "அது... எந்த மாதிரிப் பிடிக்கும்?" என்று யாராவது கேட்டால், கேள்வியை எழுப்பியவர் எழுத்தாளரே. அங்கே 'தோழியாக' என்று ஒருத்தி அவசரமாகச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. யாரும் கேட்காத விளக்கத்தை ஒருவர் ஏன் தருகிறார் என்று யோசியுங்கள்.

'அகோகரே' என்று இன்னொன்று இருக்கிறது. வியந்து ஏங்குவது. "இது காதல் இல்லை, அகோகரே" என்பது அந்த நாட்டுக் கதைகளில் பழைய தப்பிக்கும் வழி. அதை மெய்யாகவே சொல்கிறாளா, ஒளிந்துகொள்ளச் சொல்கிறாளா என்பது 2ஆம் படியில் எழுதிய இடது பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் 'அனோ ஹிதோ'. 'அந்த ஆள்' என்று அர்த்தம், ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாயே இல்லாமலும் போகும். ஆங்கிலத்துக்கு வரும்போது பெரும்பாலும் 'அவன்' அல்லது 'அவள்' என்று ஒன்றைப் போட்டுவிடுவார்கள். தமிழ் வாசகர்களாகிய நமக்கு இது புரிவது சுலபம். நம் அம்மாமார் அப்பாவை 'அவங்க' என்பார்கள். ஆசிரியையும் அவங்க, பக்கத்து லயத்து அக்காவும் அவங்க. "அவங்கள மறக்க முடியல" என்று ஒரு பெண் சொன்னால் யாரை என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பாத்திரம் தன் பழைய நேசத்தைப் பற்றிப் பேசி, அந்த ஆளின் பெயரோ உருவமோ கடைசி வரை வராவிட்டால், ஆங்கிலத்தில் உள்ள 'அவன்' என்ற ஒரே சொல்லை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இன்னொரு வசதி, அழைக்கும் முறை. ஆங்கில வரியில் வெறும் பெயர் இருந்தாலும் குரலில் 'ஸன்', 'ச்சன்', 'சென்பை' என்று பெயரோடு ஒட்டி வரும் மரியாதை, செல்லச் சொற்கள் காதில் விழும். ஒருத்தி எந்த நாளில் அந்த ஒட்டை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொல்கிறாள் என்று கவனியுங்கள். நம் ஊரில் 2 வயது மூத்தவளை 'அக்கா' என்றே 10 வருடம் கூப்பிட்டுவிட்டு, ஒரு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீடே திரும்பிப் பார்க்கும் இல்லையா? அதே கனம். பல ஆட்டங்களில் பேக்லாக்கை, அதாவது வாசித்து முடித்த வரிகளின் பட்டியலைத் திறந்து வரியைத் தொட்டால் குரல் மறுபடி ஓடும். ஹெட்செட் போட்டுக் கேளுங்கள்.

5. ஆட்டம் எங்கே காசைச் செலவழிக்கிறது

நாவலுக்கு இல்லாத சாட்சி விஷுவல் நாவலுக்கு உண்டு. வசனம் மலிவு, படம் விலை. முழுத் திரையை நிரப்பும் சிஜி படம் ஒவ்வொன்றும் ஓவியருக்குக் கொடுக்கும் தனிக் காசு. அதனால் எல்லாக் காட்சிக்கும் சிஜி கிடையாது. இரண்டு பெண்கள் மட்டும் உள்ள, கதாநாயகன் இல்லாத சிஜி ஒன்று இருக்கிறதா என்று, பார்த்த படங்கள் சேரும் காலரியைத் திறந்து பாருங்கள். இருந்தால், யாரோ ஒருவர் அந்தத் தருணத்துக்குக் காசு போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறார். எதற்காக என்பது அடுத்த கேள்வி. விற்பனைக்காகவும் இருக்கலாம். கதையில் வேலையே இல்லாத, குளியலறையில் மட்டும் வருகிற நெருக்கம் என்றால் நான் அதைத் தூண்டில் என்று எழுதி மூடிவிடுவேன். மீனுக்குப் போட்ட புழுவைப் பார்த்து ஆற்றின் ஆழத்தைச் சொல்ல முடியாது.

நிற்கும் உருவங்களையும், அதாவது ஸ்ப்ரைட்டுகளையும், கவனியுங்கள். விஷுவல் நாவல் செய்ய உதவும் ரென்பை போன்ற மென்பொருளில் இடது, நடு, வலது என்று ஆயத்த இடங்கள் இருக்கின்றன. வழக்கமாக ஒருத்தி இடது, ஒருத்தி வலது. ஒரு காட்சியில் மட்டும் இரண்டு உருவமும் ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு வந்தால் அது தானாக நடக்காது, ஒருவர் உட்கார்ந்து எண் அடித்திருக்கிறார். முகபாவமும் அப்படித்தான். ஆட்டம் முழுக்க 6 முகமே உள்ள பாத்திரத்துக்கு 7ஆவது முகம் ஒன்று, இவள் முன்னால் மட்டும் வருகிறதா? ரென்பையில் 'எச்' விசையை அழுத்தினால் வசனப் பெட்டி மறையும், படத்தை முழுசாகப் பார்க்கலாம். 'எஸ்' அழுத்தினால் திரையில் உள்ளதைப் படமாகச் சேமிக்கும். மவுஸ் உருளையை மேலே தள்ளினால் கதை பின்னால் போகும்.

இசைக்குத் தனிக் காது வேண்டும். பின்னணி இசை ஒவ்வொன்றும் எந்தெந்தக் காட்சியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கதாநாயகனின் காதல் காட்சிகளுக்கு மட்டும் வைத்திருந்த மெட்டு இந்தப் பெண்கள் இருவரும் மாடிப்படியில் நிற்கும்போது வந்தால், எழுத்து சொல்லாததை இசை சொல்லிவிட்டது. இசை திடீரென்று நிற்பதும் கணக்கு. 2022இல் 13 மணி நேரம் வரை மின்சாரம் போன நாள்களில் பழைய லெப்டொப்பின் பேட்டரியைக் காப்பாற்ற ஒலியை நிறுத்திவிட்டு ஆடினேன். அந்த ஆட்டத்தைப் பற்றி நான் எழுதி வைத்த எல்லாம் பின்னால் தப்பாய்ப் போனது. ஒலி இல்லாமல் ஆடினால் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

6. எல்லா ரூட்டும் திறந்த பிறகு

இது பொறுமைக்கான படி, குறுக்கு வழி இல்லை. ஏற்கெனவே வாசித்த பகுதியை ஸ்கிப் செய்யலாம், புதியதை வாசிக்க வேண்டும்.

நான் தேடுவது ஒன்றே ஒன்று: ஆடுபவர் மூன்றாவது ஒருத்தியைத் தேர்ந்தால் இந்தச் சோடி என்ன ஆகிறது? ரூட் எதுவானாலும் இருவரும் கடைசியில் சேர்ந்தே இருந்தால், அந்த உறவு ஆடுபவர் கையில் இல்லை, கதையின் அத்திவாரத்தில் இருக்கிறது. கதாநாயகன் ஒருத்தியைத் தேர்ந்த ரூட்டில் மற்றவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்பது இன்னும் ருசியான இடம். தோழி வாழ்த்துவாள், கொஞ்சம் தனிமையும் படுவாள். ஆனால் அவள் வாழ்த்திவிட்டு, எல்லோரும் போன பிறகு அந்தப் பழைய குடையை மடித்து உள்ளே வைத்தால்?

ஒரு ரூட்டில் மட்டும் நெருக்கம், மற்றதில் அறிமுகமே இல்லாதவர்கள் மாதிரி என்றால், பல எழுத்தாளர்கள் ரூட்டைப் பிரித்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அந்த ஒரு எழுத்தாளரின் எண்ணம் என்று மட்டும் எழுதலாம்.

பிறகு வெளியான துணை ஆட்டங்கள், கூடுதல் கதைகள் இருந்தால் அதையும் ஆடுங்கள். மூலத்தில் மூடி வைத்ததை அங்கே திறந்துவிடும் பழக்கம் பல கம்பெனிகளுக்கு உண்டு.

கொஞ்சம் கள்ளத்தனமும் செய்யலாம். ரென்பை 2004இல் வந்த இலவச மென்பொருள். பெயரிலேயே காதலைக் குறிக்கும் 'ரென்ஆய்' இருக்கிறது. அதில் செய்த சில ஆட்டங்களின் கோப்புறைக்குள் கதை எழுத்துக் கோப்புகள் திறந்தபடியே கிடக்கும். சாதாரண எழுத்துச் செயலியில் வாசிக்கலாம். அன்புப் புள்ளி, அதாவது நெருக்கத்துக்கு ஆட்டம் உள்ளுக்குள் போடும் மதிப்பெண், எந்தச் சோடிக்கு ஏறுகிறது என்று அங்கே தெரியும். ஆனால் கோப்பில் உள்ளதைச் சாட்சியாக வைக்கும்போது 'கோப்பில்' என்று சொல்லி வையுங்கள். எழுதிவிட்டு எடுத்துவிட்ட வரியும் அங்கே கிடக்கலாம், எடுத்ததற்கு ஒரு காரணமும் இருந்திருக்கும்.

7. ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம்

இது நானே கட்டியது, எந்த ஆட்டத்திலும் இல்லை. நம் ஊரிலேயே வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். செல்வி கொழுந்து நிறுக்கும் இடத்தில், ஜெயந்தி அலுவலகத்தில். மழை, இருட்டு, பஸ் நிற்கும் இடம்.

செல்வி: பஸ் போயிருச்சி.
ஜெயந்தி: தெரியும்.
செல்வி: தெரிஞ்சுக்கிட்டேதான் நின்னியா?
ஜெயந்தி: ......
(மழைச் சத்தம் மட்டும். ஜெயந்தியின் உருவம் பக்கவாட்டு முகத்துக்கு மாறுகிறது.)
ஜெயந்தி: தேத்தண்ணி ஆறுது. குடி.

தேத்தண்ணி கொடுப்பது சாட்சியா? இல்லை. முந்திய காட்சிகளில் ஜெயந்தி காவல்காரருக்கும் ஊற்றிக் கொடுத்தவள். இடது பக்கம். பஸ்ஸை வேண்டுமென்றே விட்டது? வலது பக்கம் போகலாம், ஆனால் அவள் வீட்டில் சண்டை என்று முதல் அத்தியாயத்தில் வந்திருந்தால் வீட்டுக்குப் போக மனம் இல்லாமலும் நின்றிருப்பாள். அடைப்புக்குள் அதையும் எழுதுங்கள். மௌனப் புள்ளிகளோடு இசை நின்று மழை மட்டும் கேட்டது, பக்கவாட்டு முகம் இங்கே முதல் முறை வந்தது: இரண்டும் வலது பக்கம், கனமாக. கேள்விக்குப் பதில் வராமல் பேச்சு தேத்தண்ணிக்குத் தாவியதும் வலது பக்கம். 'இல்லை' என்று சொல்ல ஒரு சொல் போதும், அவள் அதைச் சொல்லவில்லை.

இப்போது மாற்றிப் போட்டுப் பாருங்கள். செல்வியின் இடத்தில் ஓர் ஆணை வையுங்கள். காதல் காட்சி என்று ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தச் சோதனையை எல்லோரும் செய்வார்கள், பாதிப் பேர் இதோடு நின்று வெற்றிக்கொடி நாட்டிவிடுவார்கள். அடுத்ததையும் செய்யுங்கள். செல்வியின் இடத்தில் ஜெயந்தியின் சொந்தத் தங்கச்சியை வையுங்கள். "தெரிஞ்சுக்கிட்டேதான் நின்னியா?" என்று தங்கச்சி கேட்டால் அக்கா மௌனமாகி முகத்தைத் திருப்புவாளா? "பின்ன, உன்ன ஒத்தையில விட்டுட்டா போவேன்?" என்று திட்டியிருப்பாள். தங்கச்சியை வைத்தால் காட்சி நொண்டுகிறது. ஆணை வைத்தால் ஓடுகிறது என்பதைவிட இது எனக்குப் பெரிய சாட்சி.

ஆனாலும் இது ஒரு காட்சி. ஜெயந்தி பக்கம் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். செல்வி பக்கம் என்ன என்று இந்த 5 வரியில் ஒன்றும் இல்லை. நம்மவர்கள் இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: கைக்கிளை, ஒருதலைக் காதல். சோடி என்று எழுத அவசரப்படுகிறவர்கள் மறப்பது இந்தச் சொல்லைத்தான்.

8. தீர்ப்பு எழுதும்போது

நான் 'ஆம், இல்லை' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். கொப்பியில் ஒரு சொல்லும், பக்கத்தில் அதற்கான மிகக் கனமான ஒரு காட்சியும், அதற்கு எதிரான ஒரு காட்சியும் எழுதுவேன். சொற்கள்: நட்பு, கைக்கிளை, உள்ளுறை, வெளிப்படை, தூண்டில். எதிர்க் காட்சி ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் நான் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போவேன்.

நட்பு என்று எழுதுவது குறைவான தீர்ப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆட்டங்களில் இரண்டு பெண்களின் நட்பு, கதாநாயகனின் 4 காதலையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கும். அதைக் காதல் என்று பெயர் மாற்றித்தான் மதிக்க வேண்டுமா?

எழுத்தாளர் பேட்டியில் "அவர்கள் தோழிகள்தான்" என்று சொல்லியிருந்தால்? அதையும் எழுதுங்கள், எந்த வருடம் சொன்னார் என்பதோடு. விற்பனை நடக்கும்போது சொன்னதும் 10 வருடம் கழித்துச் சொன்னதும் ஒன்றல்ல. மூடி எழுதுவதற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். சந்தை, தணிக்கை, வீடு, சட்டம். நம் நாட்டையே எடுங்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள, ஒரே பாலினத்தாரின் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டும் சொன்னது. 1995இல் திருத்தியபோது பெண்களும் அதற்குள் வந்தார்கள். அதை நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இப்படி ஒரு சட்டத்தின் கீழ் வாழ்கிறவர் ஒரு கதை எழுதினால் எதையெல்லாம் மழைச் சத்தத்துக்குள் வைப்பார் என்று ஊகிப்பது கஷ்டம் இல்லை.

அதே காரணத்தால் இந்தக் கொப்பியை உயிருள்ள மனிதர் பக்கம் திருப்பாதீர்கள். பாத்திரங்களுக்கு மானம் போவதில்லை, லயத்தில் சுவர் மெல்லியது. பக்கத்து அறை அக்காவும் அவர் தோழியும் ஏன் ஒன்றாகவே கொழுந்து பறிக்கப் போகிறார்கள் என்பது நமக்கு வேண்டாத வேலை.

வெளியே எழுதப் போகிறீர்கள் என்றால் கடைசி ரூட்டின் விஷயத்தை முதல் பத்தியில் போட்டு மற்றவர் ஆட்டத்தைக் கெடுக்காதீர்கள். எந்தப் பதிப்பை ஆடினீர்கள், எந்த மொழியில், குரல் இருந்ததா என்று ஒரு வரி போடுங்கள். என்னைப் போல விழுந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

சண்டை தொடங்கிய அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். போன தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோது கொப்பியைக் கொண்டுபோனேன். இரவு மழை, ஒரே லெப்டொப், இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு காது ஹெட்செட். அவள் திறக்காத ரூட்டை நான் போட்டுக் காட்டினேன், நான் ஏமாந்த வசனத்தை அவள் 3 தடவை கேட்க வைத்தாள். நான் 'உள்ளுறை' என்று எழுதினேன். அவள் பேனையைப் பிடுங்கி அதை வெட்டிவிட்டு 'கைக்கிளை' என்று எழுதினாள்.

"அந்த மத்தப் புள்ள ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலக்கா. நல்லாப் பாருங்க, ரயில் காட்சியில."

ரயில் காட்சியை இன்னும் மறுபடி ஆடவில்லை. சேவ் 41இல் இருக்கிறது.